ஸ்டான்டனை மார்லின்ஸ் ஏன் கழற்றிவிட்டது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2017 டிசம்பர் 11 அன்று அமெரிக்க பேஸ்பால் அணியான மயாமி மார்லின்ஸ் தன் மிகப் பெரிய நட்சத்திரமான ஜியான்கார்லோ ஸ்டான்டனை நியூயார்க் யாங்கீஸுக்குக் கொடுத்தது. அந்த சீசனில் அவர் அடித்தது 59 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி). மேஜர் லீகின் இரண்டு பிரிவுகளில் ஒன்றான நேஷனல் லீகின் மதிப்புமிக்க வீரர் விருது அவர் கைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பதிலுக்கு மயாமிக்குக் கிடைத்தது ஒரு நடுத்தர ஆட்டக்காரரும், பெரிய லீகை, அதாவது மேஜர் லீகை, எட்டிப்பார்க்காத இரண்டு இளைஞர்களும். பேஸ்பால் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்கள் இதைக் கேள்விப்பட்டதும் "பைத்தியமா இவர்களுக்கு?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதையும் அதன் பின்னால் வழக்கமாக வரும் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

அந்த ஒப்பந்தம் அப்படி என்னதான்?

2014 நவம்பரில் கையெழுத்தானது. 13 ஆண்டுகள், 32.5 கோடி டாலர். அன்றைய தேதியில் அமெரிக்க விளையாட்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய தொகை. அதற்கு இரண்டு மாதங்கள் முன்புதான் மில்வாக்கியில் ஒரு பந்து முகத்தில் பட்டு, முக எலும்புகள் உடைந்து, ஸ்டான்டன் சீசனையே முடித்துக்கொண்டிருந்தார். அந்த நிலையிலும் அணி இவ்வளவு கொடுக்க முன்வந்தது.

மொத்தத் தொகையைவிட முக்கியமானது அது பிரிக்கப்பட்ட விதம். 2015இல் 65 லட்சம் டாலர், 2016இல் 90 லட்சம், 2017இல் 1.45 கோடி. முதல் மூன்று ஆண்டுகளுக்கும் சேர்த்தே 3 கோடிதான். 2018இல் அது 2.5 கோடிக்குத் தாவுகிறது. 2023 முதல் 2025 வரை ஆண்டுக்கு 3.2 கோடி. 2028இல் அவரை வைத்துக்கொள்ள விரும்பாவிட்டால் 1 கோடி கொடுத்து விடுவிக்கலாம். ஆக, மலிவான ஆண்டுகள் முடிந்த இடத்தில், 29.5 கோடி பாக்கியோடு, ஒப்பந்தம் அடுத்தவர் கைக்கு வந்தது.

அடுத்தவர் என்றால்?

அப்போதைய உரிமையாளர் ஜெஃப்ரி லோரியா. 2002இல் 15.85 கோடி டாலருக்கு அணியை வாங்கினார். 2017 அக்டோபரில் சுமார் 120 கோடிக்கு விற்றார். வாங்கியது புரூஸ் ஷெர்மன் தலைமையிலான குழு. அதில் முன்னாள் யாங்கீஸ் நட்சத்திரம் டெரெக் ஜீட்டரும் ஒரு பங்காளி, அணியின் தலைமை நிர்வாகியும் அவரே.

லோரியா மலிவான மூன்று ஆண்டுகளை அனுபவித்தார். விலை ஏறும் ஆண்டு தொடங்கும் முன்பே அணியை விற்றுவிட்டுப் போனார். 2014இல் கையெழுத்துப் போடும்போதே இதைத் திட்டமிட்டாரா என்று நாம் சொல்ல முடியாது. திட்டமிட்டிருந்தாலும் இதைவிடக் கச்சிதமாக அமைந்திருக்காது.

புதிய உரிமையாளர்களுக்கு இது தெரியாதா?

நன்றாகவே தெரியும். ஒப்பந்த விவரங்கள் பத்திரிகைகளில் வந்தவைதானே. தெரிந்தேதான் வாங்கினார்கள், வாங்கும்போதே வீரர்களின் சம்பளச் செலவைப் பெருமளவு குறைக்க வேண்டும் என்ற திட்டமும் இருந்தது. அணி கடனில் இருந்தது, அரங்கத்தில் கூட்டம் இல்லை, உள்ளூர் தொலைக்காட்சி ஒப்பந்தம் மற்ற அணிகளோடு ஒப்பிட்டால் சொற்பம். இப்படிப்பட்ட அணியில் ஒரே ஆளுக்கு ஆண்டுக்கு 2.5 கோடி போய்விட்டால், மீதி 24 பேரை எதை வைத்துச் சேர்ப்பது?

ஐபிஎல் அணிகள் ஏலத்துக்கு முன்பு விடுவிப்பதுபோல விடுவித்துவிட முடியாதா?

விடுவிக்கலாம். ஆனால் பணம் மிஞ்சாது. ஐபிஎல்லில் ஒருவரை விடுவித்தால் அவருடைய தொகை அணியின் பைக்குத் திரும்பி வந்துவிடும். மேஜர் லீக் பேஸ்பாலில் இப்படிப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்கள் உத்தரவாதமானவை. அடி வாங்கிப் படுத்தாலும், ஆட்டம் சரிந்தாலும், கடைசி டாலர் வரை கொடுத்தாக வேண்டும்.

லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் அணி 2021 மே மாதம் ஆல்பர்ட் புஹோல்ஸை வெளியே அனுப்பியது. அந்த ஆண்டுக்கான 3 கோடி டாலரில் பெரும்பகுதியை ஏஞ்சல்ஸே கட்டியது. பக்கத்திலேயே இருக்கும் டாட்ஜர்ஸ் அணி அவரைக் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. நியூயார்க் மெட்ஸ் கதை இன்னும் வேடிக்கை. பாபி போனியாவை அனுப்பியபோது பாக்கி 59 லட்சம் டாலர். அதை உடனே கொடுக்காமல் வட்டியோடு தள்ளிப்போட்டார்கள். விளைவு, 2011 தொடங்கி 2035 வரை ஒவ்வொரு ஜூலை 1ஆம் தேதியும் அவருக்கு ஏறக்குறைய 11.9 லட்சம் டாலர் போய்க்கொண்டிருக்கிறது. ஆடுவதை நிறுத்தி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது மனிதருக்கு!

எனவே பெரிய ஒப்பந்தத்திலிருந்து தப்பிக்க ஒரே வழிதான் உண்டு. இன்னொரு அணியின் தலையில் கட்ட வேண்டும்.

வீரரே மனமிரங்கிச் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால்?

அதற்கும் வீரர்கள் சங்கம் விடாது. 2003 டிசம்பரில் அலெக்ஸ் ரோட்ரிகஸ் டெக்சாஸிலிருந்து பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் போவதற்காகத் தன் ஒப்பந்தத்தின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். வீரர்கள் சங்கம் மறுத்துவிட்டது. ஒரு நட்சத்திரம் விட்டுக்கொடுத்தால் நாளை ஒவ்வொரு வீரரிடமும் அதையே கேட்பார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். இரண்டு மாதம் கழித்து ரோட்ரிகஸ் யாங்கீஸுக்குப் போனார். பாக்கியிருந்த 17.9 கோடியில் 6.7 கோடியை டெக்சாஸே கட்ட ஒப்புக்கொண்டது.

59 ஹோம் ரன் அடித்தவருக்கு ஏன் இவ்வளவு குறைந்த விலை?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

இந்தச் சந்தையில் ஆட்டக்காரருக்கு மட்டும் விலை கிடையாது. அவர் ஆடப்போகும் ஆட்டத்தின் மதிப்புக்கும் அவருக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குத்தான் விலை. ஆண்டுக்கு 3 கோடி மதிப்புள்ள ஆட்டத்தை 50 லட்சத்துக்குத் தருபவர் தங்கம். அதே ஆட்டத்தை 3 கோடிக்குத் தருபவருக்கு, எவ்வளவு திறமை இருந்தாலும், மாற்றாக யாரையும் கொடுக்க அவசியமில்லை. பணம் இருந்தால் வெளிச்சந்தையில் அப்படி ஒருவரை வாங்கிக்கொள்ளலாமே.

ஸ்டான்டன் விஷயத்தில் இன்னும் இரண்டு கீறல்கள். ஒன்று உடம்பு. 2015இல் 74 ஆட்டம், 2016இல் 119 ஆட்டம் மட்டுமே ஆடினார். 159 ஆட்டம் ஆடிய 2017தான் விதிவிலக்கு. இரண்டாவது, 2020 முடிந்ததும் விரும்பினால் ஒப்பந்தத்தை உதறிவிட்டு வெளியேறும் உரிமை அவருக்கு இருந்தது. அவர் நன்றாக ஆடினால் போய்விடுவார், மோசமாக ஆடினால் மீதி 21.8 கோடியோடு தங்கிவிடுவார். வாங்கும் அணிக்கு நஷ்டம் மட்டும் உறுதி.

2017 ஆகஸ்டில் வெய்வர் முறையில் (வீரரை வேறு யாருக்காவது வேண்டுமா என்று மற்ற அணிகளைக் கேட்கும் முறை) அவர் பெயர் எல்லா அணிகளுக்கும் சுற்றுக்கு வந்தபோது ஒருவரும் உரிமை கோரவில்லை என்று செய்திகள் வந்தன. அந்த மாதம் அவர் அடித்தது 18 ஹோம் ரன். சந்தை என்ன நினைத்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியென்றால் மார்லின்ஸ் பேரம் பேசியதில் தவறே இல்லையா?

இருந்தது, நிறையவே. அவசரமாக விற்றாக வேண்டும் என்று வீட்டு வாசலில் பலகை மாட்டிவிட்டு நல்ல விலை எதிர்பார்த்தார்கள். செலவைக் குறைக்கும் திட்டம் அணி கைமாறும் முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்திருந்தது. எதிரில் உட்கார்ந்தவர்கள் காத்திருந்தாலே போதும் என்ற நிலை.

அதைவிடப் பெரிய சிக்கல், ஸ்டான்டனின் முழுமையான நோ-டிரேட் உரிமை. அவர் சம்மதிக்காமல் எங்கேயும் அனுப்ப முடியாது. சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸோடும் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸோடும் மார்லின்ஸ் பேசி முடித்தது. இரண்டு அணிகளும் அவரை நேரில் சந்தித்தன. டிசம்பர் 8 அன்று இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக அறிவித்தன: அவர் மறுத்துவிட்டார். அவர் மனதில் இருந்தவை யாங்கீஸ், டாட்ஜர்ஸ், ஆஸ்ட்ரோஸ், கப்ஸ் என்ற நான்கு அணிகள்தான். மூன்றே நாளில் யாங்கீஸ்.

விற்பவருக்கு ஒரே ஒரு வாடிக்கையாளர், அந்த வாடிக்கையாளரைத் தேர்ந்தெடுத்ததும் சரக்கு! ஜீட்டரும் அவருடைய ஆட்களும் முதலில் ஸ்டான்டனிடம் உட்கார்ந்து "எங்கெல்லாம் போவாய்?" என்று கேட்டு அந்த நான்கு அணிகளை ஒன்றோடொன்று மோதவிட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அவர்கள் தலைகீழாகச் செய்தார்கள்.

அந்த உரிமையை முதலில் ஏன் கொடுத்தார்கள்?

மயாமியை யாரும் நம்பவில்லை, அதனால்தான். 1997இல் உலகத் தொடரை (மேஜர் லீகின் இறுதித் தொடர்) வென்ற கையோடு அணியைப் பிரித்து விற்றார்கள். 2003இல் மறுபடி வென்றார்கள், 2005 முடிந்ததும் மறுபடி பிரித்தார்கள். 2007 டிசம்பரில் மிகெல் கப்ரேரா டெட்ராய்ட்டுக்குப் போனார். 2012இல் பெரும்பகுதி பொதுப்பணத்தில் புதிய அரங்கம் திறந்தார்கள், பெரிய வீரர்களைச் சேர்த்தார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஹோசே ரெயஸ், மார்க் பியூர்லி, ஜாஷ் ஜான்சன் என்று மொத்தமாக டொரான்டோவுக்கு ஏற்றுமதி. அன்று ட்விட்டரில் வெளிப்படையாகக் கொதித்தவர்களில் ஸ்டான்டனும் ஒருவர். அதையெல்லாம் பார்த்தவர் 13 ஆண்டுகளுக்குக் கையெழுத்துப் போடும்போது தாழ்ப்பாள் கேட்காமல் இருப்பாரா?

யாங்கீஸ் எதற்காக ஒப்புக்கொண்டது?

கணக்கு அவர்களுக்கு ஒத்துவந்தது. மேஜர் லீகில் சம்பள உச்சவரம்பு இல்லை. ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் ஆடம்பர வரி கட்ட வேண்டும், அவ்வளவே. 2018இல் அந்த அளவு 19.7 கோடி டாலர். யாங்கீஸ் பல ஆண்டுகளாக அந்த வரியைக் கட்டி வந்தது. அந்த முறை எப்படியாவது கோட்டுக்குக் கீழே வர நினைத்தது.

வரிக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டின் உண்மைச் சம்பளம் பார்க்கப்படுவதில்லை, மொத்தத்தின் சராசரிதான். ஸ்டான்டனுக்கு அது 2.5 கோடி. மார்லின்ஸ் 3 கோடி டாலரைத் தன் பங்காகக் கொடுக்க ஒப்புக்கொண்டதால் யாங்கீஸின் கணக்கில் அது 2.2 கோடியாக இறங்கியது. கூடவே ஸ்டார்லின் காஸ்ட்ரோவை அனுப்பியதில் அவருடைய சம்பளமும் கழிந்தது. 59 ஹோம் ரன் ஆளைச் சேர்த்துக்கொண்டும் அந்த ஆண்டு யாங்கீஸ் கோட்டுக்குக் கீழேயே முடித்தது.

மயாமிக்குக் கிடைத்த மூவர் என்ன ஆனார்கள்?

காஸ்ட்ரோ இரண்டு சீசன் உழைத்தார். 2019இல் 162 ஆட்டத்திலும் இறங்கினார், பிறகு போய்விட்டார். வேகப் பிட்சர் (பந்து வீசுபவர்) ஹோர்ஹே குஸ்மானும் ஹோசே டெவர்ஸும் பெரிய லீகில் நிலைக்கவில்லை. இந்த ஹோசே, பாஸ்டனின் ரஃபேல் டெவர்ஸுக்கு உறவுக்காரர். அந்த டெவர்ஸ் கொஞ்ச நேரத்தில் வருவார்.

பணத்தை அதிகம் தாங்கியிருந்தால் நல்ல இளைஞர்கள் கிடைத்திருப்பார்களா?

பொதுவாக, ஆம். நீங்கள் எவ்வளவு சம்பளத்தைச் சுமக்கிறீர்களோ, அந்த அளவுக்கு எதிர் அணி நல்ல இளைஞர்களைத் தரும். மார்லின்ஸ் பணத்தைத் தேர்ந்தெடுத்தது, இளைஞர்களை அல்ல. 29.5 கோடியில் 26.5 கோடியை இறக்கிவைத்துவிட்டு, "இதுவே பெரிது" என்று திரும்பியது.

ஆனால் பணம் கொடுத்தும் ஏமாறலாம். 2021 பிப்ரவரியில் கொலராடோ ராக்கீஸ், நோலன் அரினாடோவோடு சுமார் 5 கோடி டாலரையும் சேர்த்து கார்டினல்ஸுக்கு அனுப்பியது. வந்த ஐவரில் ஒருவரும் நட்சத்திரமாகவில்லை. அரினாடோவுக்கும் அணி நிர்வாகத்துக்கும் ஆகவில்லை என்பது ஊரறிந்த விஷயம். அங்கும் நோ-டிரேட் உரிமை இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துவிட்டால் பணம் கொடுத்தாலும் விலை ஏறாது.

வைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஸ்டான்டனின் வாதம் இதுதான்: அடிப்பவர்கள் இருக்கிறார்கள், பிட்சர்கள்தான் இல்லை, கொஞ்சம் பிட்சிங் சேர்த்தால் வெல்லலாம். அதில் நியாயம் உண்டு. ஸ்டான்டன், கிறிஸ்டியன் யெலிச், மார்செல் ஒசூனா என்ற அன்றைய அவுட்ஃபீல்டுக்கு (வெளிக்களத்தில் நிற்கும் மூவர்) இணையாக வேறெந்த அணியிலும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. இருந்தும் 2017இல் அணி 77 வெற்றி, 85 தோல்வி. பிட்சிங்கின் தூணாக இருந்திருக்க வேண்டிய ஹோசே ஃபெர்னாண்டஸ் 2016 செப்டம்பரில் படகு விபத்தில் 24 வயதில் இறந்துவிட்டார். 32.5 கோடி ஒப்பந்தத்தின் கனவே அவரையும் ஸ்டான்டனையும் சேர்த்து வைத்துக் கண்டதுதான். பாதி போன பிறகு மீதிப் பாதிக்கு மட்டும் முழு விலை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் உடம்பு. 2019இல் 18 ஆட்டம், 2020இன் சுருக்கப்பட்ட சீசனில் 23 ஆட்டம். மயாமியில் இருந்துகொண்டு இந்த ஆண்டுகளுக்கும் சம்பளம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஸ்டான்டனை அனுப்பியது சரியான முடிவு என்றுதான் நான் இன்றும் சொல்வேன்.

அப்படியானால் ரசிகர்கள் ஏன் இன்னும் திட்டுகிறார்கள்?

அவரோடு சேர்ந்து மற்றவர்களும் போனார்கள், அதனால். டிசம்பர் 7 டீ கோர்டன் சியாட்டிலுக்கு, 14 ஒசூனா கார்டினல்ஸுக்கு, ஜனவரி 25 யெலிச் மில்வாக்கிக்கு.

யெலிச் விலை உயர்ந்தவரே அல்ல. 2015இல் 7 ஆண்டுகளுக்குச் சுமார் 5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டவர். மேலே சொன்ன 'இடைவெளி' இருக்கிறதே, அது அவரிடம்தான் கொட்டிக்கிடந்தது. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் போனபின் அவருக்கும் அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. அவருக்கு மாற்றாக வந்த நால்வரில் முதன்மையானவர் லூயிஸ் பிரின்சன். மயாமியில் எடுபடவே இல்லை. யெலிச் 2018இலேயே நேஷனல் லீக் மதிப்புமிக்க வீரர் ஆனார். ஒரு சுமையை இறக்கப் போய்க் கையிலிருந்த பொன்னையும் நழுவவிட்டது இங்கேதான். ஸ்டான்டன் டிரேடில் அல்ல.

இதற்கு நேர்மாறு ஒசூனா டிரேட். அவரும் அதிகச் சம்பளக்காரர் அல்ல, அதனால் பதிலுக்கு உருப்படியானவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் சாண்டி அல்கன்டாரா. 2022இல் ஒருமனதாக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இன்னொருவர் சாக் காலன். அவரைக் கொடுத்து ஜாஸ் சிஷோமை வாங்கினார்கள். மதிப்புமிக்க வீரர் விருது பெற்றவரைக் கொடுத்ததில் கிடைக்காத இரண்டு நல்ல பிட்சர்கள் ஒசூனாவைக் கொடுத்ததில் கிடைத்தார்கள்.

அதன் பிறகு அணி எப்படி ஆடியது?

2018இல் 98 தோல்வி, 2019இல் 105. அரங்கத்துக்கு 2018 முழுவதும் வந்தவர்கள் சுமார் 8.1 லட்சம் பேர். முந்தைய ஆண்டைவிடப் பாதி அளவுதான். கணக்கெடுக்கும் முறையையும் புதிய நிர்வாகம் மாற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். முன்பு ஊதிப்பெருக்கிய எண்கள் வந்துகொண்டிருந்தன. 2020இன் 60 ஆட்ட சீசனில் பிளேஆஃப் போனார்கள், முதல் சுற்றில் கப்ஸையும் வென்றார்கள். 2022 பிப்ரவரியில் ஜீட்டர் விலகினார்.

யாங்கீஸுக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும். 2018இல் 38 ஹோம் ரன், 2021இல் 35. நடுவில் காயங்கள். 2023இல் பேட்டிங் சராசரி .191 (ஐந்தில் ஒன்றுகூட ஹிட் இல்லை), நியூயார்க் ரசிகர்களின் கூச்சல் வேறு. 2020இல் வெளியேறும் உரிமையை அவர் பயன்படுத்தவில்லை, 21.8 கோடியை விட்டுவிட்டு யார் போவார்கள்? ஆனால் அக்டோபர் வந்தால் அவர் வேறு ஆள். 2024 பிளேஆஃப்பில் 7 ஹோம் ரன், அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருது. உலகத் தொடரை டாட்ஜர்ஸிடம் இழந்தார்கள், அது வேறு கதை. 2025இல் இரண்டு முழங்கையிலும் வலியோடு தாமதமாகத் தொடங்கி, 77 ஆட்டத்தில் 24 ஹோம் ரன். யாங்கீஸ் போன்ற பணக்கார அணியால் இப்படி விட்டுவிட்டு வரும் ஆட்டத்துக்கு 3.2 கோடி கொடுக்க முடியும். மயாமியால் முடியாது.

கழற்றிவிட்டு ஜெயித்த அணி உண்டா?

பாஸ்டன், 2012. ஆகஸ்ட் 25 அன்று ஏட்ரியன் கொன்சாலஸ், கார்ல் கிராஃபர்ட், ஜாஷ் பெக்கெட் ஆகியோரை ஒரே மூச்சில் டாட்ஜர்ஸுக்கு அனுப்பி, 25 கோடி டாலருக்கு மேற்பட்ட பாரத்தை இறக்கியது. அந்த ஆண்டு 93 தோல்வி. மிச்சமான பணத்தை மைக் நபோலி, ஷேன் விக்டோரினோ, கோஜி உயெஹாரா என்று பலருக்குக் குறுகிய ஒப்பந்தங்களாகப் பிரித்துக் கொடுத்தார்கள். 2013இல் உலகத் தொடர் வெற்றி. மயாமிக்கும் பாஸ்டனுக்கும் வித்தியாசம் அங்கேதான்: பாஸ்டனில் மிச்சமான பணம் களத்துக்குத் திரும்பி வந்தது.

அதே பாஸ்டன் 2025 ஜூன் 15 அன்று ரஃபேல் டெவர்ஸையும் சான் பிரான்சிஸ்கோவுக்கு அனுப்பியது. 31.35 கோடி ஒப்பந்தத்தில் 25 கோடிக்கு மேல் பாக்கி. அங்கே பணத்தைவிட மனக்கசப்புதான் காரணம்: அவர் வழக்கமாக நிற்கும் மூன்றாம் பேஸ் இடத்திலிருந்து நகர்த்தினார்கள், பிறகு முதல் பேஸில் நிற்கச் சொன்னார்கள், அவர் மறுத்தார். அணி அவர் இல்லாமலேயே பிளேஆஃப் போனது.

மார்லின்ஸ் சொன்ன அந்த 3 கோடி டாலர்?

ஸ்டான்டன் 2020இல் வெளியேறியிருந்தால் அது ரத்தாகியிருக்கும். அவர் தங்கிவிட்டதால், 2026 முதல் 2028 வரை தவணைகளாக மயாமி அதை யாங்கீஸுக்குக் கட்ட வேண்டும். பேரத்தைப் பேசிய ஜீட்டர் அங்கே இல்லை. ஷெர்மன் இருக்கிறார்.